வாசல் தெரியாத வீடு

சென்ற மாதத்தில் ஒரு நாள் காலை, நயினாதீவு செல்வதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருந்தேன். அருகில் நின்ற தாயார் ஒருவர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மாஸ்ரர், மகளின்ரை விண்ணப்பத்துக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். இதிலை எங்கை அமத்திறதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

அது ஒரு கல்வி நிலையத்தின் இணையத்தளம். திறந்ததும் ஒரு கட்டடத்தின் படம் வந்தது. அது நகர ஒரு விழாப் படம் வந்தது. அதன்மேல் செய்திகள் ஓடின. ஓரங்களில் நட்சத்திரங்கள் மின்னின. கடற்கரையில் அலைத்தொடர்பு மெலிந்திருந்தபடியால் ஒவ்வொரு படமும் நொண்டி நொண்டியே வந்து சேர்ந்தது. விண்ணப்பத்தை மட்டும் காணோம்! நாள்தோறும் கணினியோடு பழகும் நானே கால் மணி நேரம் தேடினேன். ஈற்றில், பக்கத்தின் அடியில், இளமஞ்சள் நிறத்தின்மீது வெள்ளை எழுத்தில் அது ஒளிந்திருக்கக் கண்டேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. என் படகும் போய்விட்டது. படகு மறுபடியும் வரும். உதவிக்கு ஒருவரும் அங்கு நின்றிராவிட்டால், அந்தப் பெண்ணின் ஓர் ஆண்டு அன்றோ வீணாகியிருக்கும்!

மறுநாள் வகுப்பில் இதனைக் கூறினேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், படங்களையும் வர்ணங்களையும் எடுத்துவிட்டால் பக்கம் பாழடைந்த வீடுபோல் ஆகிவிடாதா? அழகு வேண்டாமா?" என்று வினவினான். நல்ல கேள்வி. அழகில்லாத இடத்தில் எவரும் நெடுநேரம் நிற்க மாட்டார்.

அவனுக்கு நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களை நினைவூட்டினேன். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியவை அவை. அவற்றிலே அலங்காரம் என்று தனியாக ஒன்றுமில்லை. கற்கள் பொருந்திய ஒழுங்கே கண்ணைக் கவர்கின்றது.

இணையத்தளத்திலும் இது இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2012ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் தன் சேவைகளுக்கெனப் பொதுவான ஒரு தளத்தைத் திறந்தது. அதன் முகப்பில் ஆடம்பரமில்லை. தெளிவான தலைப்புகளும் தாராளமான வெற்றிடமுமே இருந்தன. அதன் எழுத்துருவோ, விரைந்து செல்லும் வாகனத்திலிருந்தும் படிக்கத்தக்கதாக அந்நாட்டு வீதிப் பலகைகளுக்கு அமைத்த எழுத்தின் வழிவந்தது. லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என அத்தளத்திற்கே பரிசளித்தது. எளிமைக்கு அழகுப் பரிசு கிடைத்தது!

எளிமையாக்குவது எங்ஙனம்? முதலாவது, தெரிவுகளைக் குறைத்தல். தெரிவுகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் கூடுகின்றது என்பதை வில்லியம் ஹிக் என்னும் ஆங்கில உளவியலாளர் 1952ஆம் ஆண்டிலேயே சோதனையால் காட்டினார். வருபவர் எதைத் தேடி வருகிறார் என்று எண்ணி, அதனை முதலில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நிறம். எழுத்தின் ஒளிக்கும் பின்னணியின் ஒளிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய இணைய நெறிகளுள் ஒன்று. இளமஞ்சள்மேல் வெள்ளை 2ஐக்கூட எட்டாது. ஆழ்ந்த நீலத்தின்மேல் வெள்ளையைத் தீட்டினால் கண்ணுக்கும் இதம், கருத்துக்கும் தெளிவு.

மூன்றாவது, நம் தமிழின் தேவை. தமிழில் எழுத்தின் மேலே புள்ளி ஏறும். கீழே சுழிகள் இறங்கும். ஆங்கிலத்துக்கு வகுத்த இடைவெளியில் தமிழை அடைத்தால், மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 5 எழுத்தில் முடியும் பொத்தான் சொல், தமிழில் 'விண்ணப்பிக்க' என 7 எழுத்தாகும். ஆங்கிலப் பக்கத்தை முடித்துவிட்டுத் தமிழைப் பின்னர் திணிப்பது, அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போலாகும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஓர் இணையத்தளம் அமைத்தால், அதனை முதலில் உங்கள் அம்மம்மாவின் கையிற் கொடுங்கள். ஒன்றும் சொல்லிக் கொடாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்திருங்கள். தயங்கிய இடத்தைத் திருத்துங்கள். பின்னர் நிறமும் படமும் சேருங்கள். சேர்த்தபின் மீண்டும் அவரிடமே கொடுங்கள். அவர் விரல் மறுபடி தயங்கினால், புதிதாய்ச் சேர்த்ததை எடுத்துவிடுங்கள்.

கோலம் எவ்வளவு சிறந்ததாயினும், வாசலை மறைத்துக்கொண்டு எவரும் போடுவதில்லை.