வீடு விற்கும்போது தரகருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

உறையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீடு. பட்டாவும் அவர் பேரிலேயே இருக்கிறது. பெண்ணின் மேல்படிப்புக்காகவும், பழைய கடன் ஒன்றை அடைப்பதற்காகவும் அதை விற்கிறார்களாம். 48 லட்சத்துக்குப் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். "புரோக்கர் இரண்டு பெர்சன்ட் கேட்கிறார், அக்கா. 96,000 ரூபாய்! நாலு பேரைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டுவதற்கு இவ்வளவா? என் வீட்டுக்காரர், கொடுத்துத் தொலைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை" என்று கேட்கிறார்.

மனசு ஆறாததில் நியாயம் இருக்கிறது. அதற்காக, தரகு கொடுப்பதே தண்டச் செலவு என்று ஒரேயடியாக நான் சொல்ல மாட்டேன். எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒன்று. கமிஷன் இவ்வளவுதான் என்று நம் தமிழ்நாட்டில் சர்க்கார் விகிதம் எதுவும் கிடையாது. எல்லாம் வழக்கம்தான். வீட்டுக்கு ஒரு சதவீதம் என்பார்கள், இரண்டு என்றும் கேட்பார்கள். விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் இரண்டு பக்கமும் வாங்குகிற வழக்கம் உண்டு. ஆகையால் "பார்ட்டிகிட்டயும் வாங்குவீங்களா?" என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள். அங்கேயும் வாங்குகிறார் என்றால் நம் பக்கம் ஒரு சதவீதமே தாராளம். பெரிய ஏஜென்ஸி என்றால் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிற நாம் இதற்கு வாயைத் திறக்காமல் இருப்பானேன்? ஆண்களுக்கு என்னவோ இந்த மாதிரி இடத்தில் பேரம் பேசினால் கௌரவக் குறைச்சல்!

இனி, அந்தப் பணத்துக்கு அவர் செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம். வீட்டைக் காட்டுவது சும்மா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் இல்லாமல் தினத்தந்தியில் ஒரு வரி விளம்பரமோ, செல்போனில் ஒரு விளம்பரமோ கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வருகிற போன்களில் பாதி தரகர்களிடமிருந்துதான் வரும். "எனக்கே வேணும், மேடம்" என்று ஆரம்பித்து, கடைசியில் "பார்ட்டி இருக்கு" என்று முடிப்பார்கள். மீதிப் பேரில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை. குழந்தையை அப்போதுதான் தூங்கப் போட்டிருப்போம், காலிங் பெல் அடிக்கும். அடுப்படி, குளியலறை, பீரோ இருக்கிற ரூம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போய்விடுவார்கள். வீட்டில் பெண் தனியாக இருக்கிற நேரம் என்றால் அது பயமும் கூட.

எங்கள் தெருவில் ஓர் அக்கா தரகரே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்து, பதினோரு மாதம் கழித்துத்தான் விற்றார். கமிஷன் மிச்சம். ஆனால் அந்தப் பதினோரு மாதமும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 10 லட்சம் கடனுக்கு மாதம் ஒரு வட்டி என்று வைத்தாலும் மாதம் 10,000. நம் சகோதரியும் கடனை அடைக்கத்தான் விற்கிறார். அவர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நல்ல தரகர் என்றால் வருகிறவர்களை அவரே சலித்து, பணம் தயாராக இருப்பவரை மட்டும் கூட்டி வருவார். பேங்க் லோன் போட்டு வாங்குகிறவராக இருந்தால் லோன் கிடைக்குமா என்று முன்பே விசாரித்திருப்பார். விலை பேசும்போது இரண்டு பக்கமும் முகம் முறிந்துபோகாமல் நடுவில் நின்று பேசுவார். அதற்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். வெறுமனே விலாசத்தை வாங்கி வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குத் தட்டிவிடுகிறவருக்கு 96,000 எதற்கு?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கமிஷன் எவ்வளவு என்பதை விட, தரகரின் லாபமும் நம் லாபமும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வதுதான் அவசியம். ஒரு கணக்குப் போடுவோம். வீடு 46 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 48 வரும். நமக்கு அது இரண்டு லட்சம். ஒரு சதவீதம் வாங்குகிற தரகருக்கோ வெறும் 2,000 ரூபாய்தான் கூடுதல். அந்த இரண்டாயிரத்துக்காக அவர் இன்னும் ஒரு மாதம் அலைவாரா? "நல்ல பார்ட்டி, விட்டுட்டா மறுபடி கிடைக்காது, முடிச்சிடுங்கம்மா" என்று நம்மைத்தான் நெருக்குவார். அவர் கெட்டவர் என்பதல்ல. கணக்கு அப்படி இருக்கிறது. ஆகவே விலையைப் பற்றித் தரகர் சொல்லும் யோசனையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 46 லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் வருகிற தொகைக்கு மட்டும் ஐந்து சதவீதம் என்று பேசிப் பாருங்கள். 48க்கு முடித்துக் கொடுத்தால் அவருக்கு 46,000 போக இன்னும் ஒரு 10,000 கிடைக்கும். மொத்தம் 56,000. அப்படியும் அந்த 96,000ஐ விட எவ்வளவோ குறைவு. அவருக்கும் நமக்காகப் பேச ஒரு பிடிப்பு வரும்.

ஆனால் இதையும், "நெட்" கணக்கையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். சிலர் தேன் ஒழுகப் பேசுவார்கள். "கமிஷனே வேண்டாம்மா. உங்க கைக்கு எவ்வளவு வரணும் சொல்லுங்க, மேலே வர்றதை நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். நாம் 46 என்று சொல்லியிருப்போம். வாங்குகிறவர் 50 கொடுத்திருப்பார். நாலு லட்சம் நடுவில் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. கமிஷன் இல்லை என்று யாராவது சொன்னால் அங்கேதான் ஜாஸ்தி உஷாராக இருக்க வேண்டும்.

அதே போல, "ஒரு பவர் எழுதிக் கொடுங்க, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்பார்கள். தரகர் பேருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவே கூடாது. மூலப் பத்திரத்தையும் கையில் கொடுத்தனுப்பாதீர்கள், ஜெராக்ஸ் போதும். கொஞ்சம் முன்பணம் கொடுத்துத் தானே அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் வேறு ஒருவருக்குக் கூடுதல் விலைக்குக் கை மாற்றிவிடுகிற தரகர்களும் உண்டு. வாங்கப்போகிறவரை நேரில் பார்க்காமல் எந்த அக்ரிமென்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு நம் பேரில் இருக்கும்போது தரகர் நம்மிடம் பேசாமல் நம் வீட்டுக்காரரிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களும் உட்காருங்கள். கையெழுத்து நம்முடையது அல்லவா?

"தரகர்களுக்கு லைசென்ஸ் இல்லையா?" என்று கேட்பீர்கள். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அதில் பதிவான புதிய அடுக்குமாடி, மனைப்பிரிவுத் திட்டங்களை விற்றுக் கொடுக்கிற ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாம் குடியிருந்த பழைய வீட்டை விற்றுக் கொடுக்க அந்தக் கட்டாயம் இல்லை. ஆகையால் நமக்குக் காவல் நாம் எழுதி வாங்குகிற காகிதம்தான்.

காகிதத்தில் என்ன எழுதுவது? கமிஷன் எத்தனை சதவீதம், ஜி.எஸ்.டி. உண்டா இல்லையா, எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு, அவர் மூலமாக இல்லாமல் நாமே ஆள் பிடித்தால் கமிஷன் கிடையாது என்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் எப்போது என்பது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வேலை முடிந்த பிறகுதான் ஏஜெண்டுக்கு ஊதியம். ஆனால் எது "வேலை முடிவது" என்பதில்தான் சண்டையே. "நான்தான் பார்ட்டியைக் காட்டினேன், என் வேலை முடிஞ்சுது" என்று அட்வான்ஸ் வாங்கிய அன்றே கையை நீட்டுவார்கள். பிறகு வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டால் கொடுத்த கமிஷன் திரும்பி வருமா? அதனால் "கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆகும் அன்று" என்று எழுதிவிடுங்கள்.

தரகர் ஒருவர்தானா என்பதையும் கேளுங்கள். நாம் ஒருவரிடம் சொல்லியிருப்போம், அவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார். ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் நாலு பேர் நின்று, "நானும்தாங்க காட்டினேன்" என்பார்கள். கமிஷன் இன்னாருக்கு மட்டும், மற்றவர்களுக்கு அவரே பங்கு கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

தரகர் தேவையே இல்லாத இடங்களும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பார். வாடகைக்கு இருப்பவருக்கே வாங்க ஆசை இருக்கும். அடுக்குமாடி என்றால் அதே கட்டடத்தில் யாருக்காவது தம்பிக்கோ மாமியாருக்கோ வீடு வேண்டியிருக்கும். தரகரைக் கூப்பிடுவதற்கு முன்பு இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பத்திரம் எழுத ஒரு வக்கீலோ பத்திர எழுத்தரோ போதும்.

விலையையும் நாமே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அதே தெருவின் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பார்த்தால், சமீபத்தில் எந்த வீடு என்ன தொகைக்குப் பதிவானது என்பதும் தெரியும். பத்திரத்தில் காட்டுகிற தொகை சில சமயம் நிஜ விலையை விடக் குறைவாக இருக்கும். அதையும் மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அரை மணியில் எடுத்துக் கொடுத்துவிடும்.

பணம் கொடுக்கிற விஷயத்தில் கறாராக இருங்கள். தரகருக்குக் கமிஷனைச் செக்காகவோ பேங்க் மூலமாகவோ கொடுத்து, ரசீது வாங்கிவிடுங்கள். வீடு விற்ற லாபத்துக்கு வருமான வரிக் கணக்குப் போடும்போது, விற்பதற்காகக் கொடுத்த தரகைக் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லை என்றால் ஆடிட்டர் என்ன செய்வார், பாவம்? அட்வான்ஸையும் ரொக்கமாக வாங்காதீர்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்று 2015இல் சட்டம் வந்துவிட்டது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் நமக்குத் தருவார். அது நம் பான் எண்ணில் வரவாகும், நஷ்டம் இல்லை. சரியாகக் கட்டிவிட்டாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடும்போது ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்கிறார்களே, அது நியாயமா என்று மூன்று சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம்.