நான்கு கணவாய்களும் ஒரு பகற்பொழுதும்



இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆஸ்திரிய எல்லைக்கு அணித்தே, ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த டோலமைட் மலைகள் அமைந்துள்ளன. வெளிறிய பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் இம்மலைகள், மாலைக் கதிரவனின் ஒளி பட்டதும் இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும். இவற்றை 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. இவற்றின் நடுவே ஒரு கோட்டையைப் போல் வீற்றிருப்பது செல்லா என்னும் மலைத்திரள். அதன் உச்சி 3152 மீட்டர் உயரமுடையது. அதனைச் சூழ்ந்து நான்கு பள்ளத்தாக்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நான்கு கணவாய்கள். பனிக்காலத்தில் சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, இம்மலையை ஒரே பகலில் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடலாம். 'செல்லா சுற்று' எனப்படும் அந்தப் பயணத்திற்கு இம்மாதம் நாம் மனத்தளவில் புறப்படுவோம்.

பனிமலையைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள் நம்மில் பலர். ஆதலால் முதலில் இதன் அமைப்பைக் கூறுவது நலம். கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியிலோ சிறு கூண்டிலோ அமர்ந்து மேட்டின் உச்சியை அடைய வேண்டும். அங்கிருந்து பனியின்மீது சறுக்கிக்கொண்டே மறுபக்கத்துப் பள்ளத்திற்கு இறங்க வேண்டும். அங்கே அடுத்த கம்பிவடம் காத்திருக்கும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அவற்றுள் சுமார் 26 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. சறுக்குப் பாதைகளின் கடுமையை நிறங்களால் குறிக்கிறார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இச்சுற்றில் பெரும்பகுதி நீலமும் சிவப்புமே. ஓரளவு பழகியவர்கள் அச்சமின்றிச் செல்லலாம். வலமாகச் சுற்றுவோர்க்கு ஆரஞ்சு நிறப் பலகைகளும், இடமாகச் சுற்றுவோர்க்குப் பச்சை நிறப் பலகைகளும் வழிகாட்டுகின்றன. நாம் வலமாகவே செல்வோம்.

புறப்படும் இடம் பாதியா பள்ளத்தாக்கிலுள்ள கொர்வாரா என்னும் சிற்றூர். விடுதிகள் நிறைந்த இன்றைய கொர்வாராவைக் காண்போர், இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வறுமையின் உறைவிடமாயிருந்தது என்பதை எளிதில் நம்பார். அக்காலத்தில் பனி விழத் தொடங்கினால் கணவாய்கள் அடைபட்டுவிடும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மணம் செய்துகொடுத்த மகளைக் காண்பதற்கும் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டும். இங்கிருந்து சற்றுத் தொலைவில், ஓயெஸ் என்னும் குக்கிராமத்தில் 1852ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர்தாம் புனித சூசை பிரைனாடெமெட்ஸ். குருப்பட்டம் பெற்று, 1879ஆம் ஆண்டு சீன நாட்டிற்கு மறைபரப்புப் பணிக்காகக் கப்பலேறிய அவர், தம் மலைகளை மீண்டும் காணவேயில்லை. 1908ஆம் ஆண்டு அந்நாட்டிலேயே உயிர்நீத்தார். 2003ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கொர்வாராவிலிருந்து மேலேறி, கம்பொலோங்கோ கணவாயைக் கடந்து இறங்கினால் அரப்பா என்னும் ஊர் வரும். அங்கே நின்று சுற்றிலும் பார்ப்போர் கண்ணில் கொல் தி லானா என்னும் மலை படும். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியப் படைக்கும் இத்தாலியப் படைக்கும் இடையேயான போர்முனை இம்மலைகளின் ஊடே சென்றது. இத்தாலியப் படையினர் அம்மலையைக் குடைந்து, உச்சியிலிருந்த ஆஸ்திரியக் காவலிடத்தின் அடியில் சுமார் ஐந்து டன் வெடிமருந்தை நிரப்பி, 1916 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு வெடிக்கச் செய்தனர். நூறு வீரர்களளவில் ஒரு நொடியில் மாண்டனர். 'குருதி மலை' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. இன்று அரப்பாவில் சறுக்கி விளையாடும் சிறுவர்களின் சிரிப்பொலி, அம்மலையை நோக்கியே எழுகின்றது.

அரப்பாவிலிருந்து கம்பிவடத்தில் 2478 மீட்டர் உயரத்திலுள்ள போர்த்தா வெஸ்கோவோவை அடையலாம். 'ஆயரின் வாயில்' என்பது இப்பெயரின் பொருள். அவ்வாயிலில் நின்றால் எதிரே டோலமைட் மலைகளின் அரசியாகிய மர்மோலாதா தெரியும். 3343 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு 1979 ஆகஸ்டு 26ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்று, அங்கு நிறுவப்பட்ட தேவமாதாவின் திருவுருவத்தை மந்திரித்தார். இளமை தொட்டே பனிச்சறுக்கில் தேர்ந்திருந்த அவருக்கு மலைகள் அந்நியமானவை அல்ல.

வாயிலைக் கடந்து பொர்தோய் கணவாயை அடைகிறோம். 2239 மீட்டர் உயரத்திலுள்ள இக்கணவாய்க்கு அப்பால் ஃபாஸா பள்ளத்தாக்கு. அதன் மேல்விளிம்பில் சறுக்கிச் சென்று, மீண்டும் ஏறினால் செல்லா கணவாய். அங்கே பாறைத்துண்டுகள் சிதறிக் கிடக்கும் இடத்தைக் 'கற்களின் நகரம்' என்கின்றனர். பின்னர் செல்வா என்னும் ஊருக்கு நெடிய இறக்கம். நாம் இப்போது கார்தேனா பள்ளத்தாக்கில் இருக்கிறோம். பனியால் அடைபட்ட நெடிய மாதங்களில் இப்பள்ளத்தாக்கின் மக்கள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு மரத்தைச் செதுக்கும் கலையில் ஈடுபட்டனர். இவர்கள் செதுக்கிய புனிதர்களின் திருவுருவங்கள் நாடு கடந்து பற்பல கோயில்களின் பீடங்களை அணிசெய்கின்றன. இறுதியாகக் கார்தேனா கணவாயில் ஏறி, கொல்போஸ்கோ வழியாக இறங்கினால், காலையில் விட்டுப்போன கொர்வாராவே நம்மை வரவேற்கும்.

இந்நான்கு பள்ளத்தாக்குகளிலும் வழங்கிவரும் தாய்மொழி ஒன்றே. இலத்தீன் மொழியிலிருந்து பிறந்த அதற்கு லதின் என்று பெயர். பேசுவோர் சுமார் 30,000 பேர்தாம். முதல் உலகப் போருக்குப் பின் இப்பகுதி ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலியின் கைக்கு மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் இச்சிறு மக்களினம் மூன்று மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. இன்று இந்நான்கு பள்ளத்தாக்குகளும் மூன்று மறைமாவட்டங்களில் அடங்கியுள்ளன. எனவே ஒரே பகலில் செல்லாவைச் சுற்றுகிறவர், தம்மை அறியாமலே மூன்று மாகாண எல்லைகளையும் மூன்று ஆயர்களின் ஆட்சி எல்லைகளையும் கடந்துவிடுகிறார்! அரசியல் பிரித்ததைச் சறுக்குப் பாதை இணைத்துவிட்டது எனலாம். இவ்விணைப்பு தானாக நேர்ந்ததன்று. கம்பிவடங்களின் உரிமையாளர்கள் பலர், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவர்கள் 1974ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, ஒரே நுழைவுச்சீட்டை ஏற்படுத்தினர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்த அக்கூட்டமைப்பில் 12 சறுக்குப் பகுதிகளும், 1200 கிலோமீட்டர் பாதைகளும் அடங்கும். அண்டை ஊரின் வளமே தன் ஊரின் வளம் என்று உணர்ந்ததால், பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியேறிய பள்ளத்தாக்குகளில் இன்று குடும்பங்கள் நிலைத்து வாழ்கின்றன. பிரித்துவைத்த பனியே பாலமாயிற்று.

ஆயினும் அப்பாலம் இன்று ஆட்டம் காண்கிறது. 2022 ஜூலை 3ஆம் நாள், கடும் வெப்பத்தால் மர்மோலாதாவின் பனிப்பாறையில் ஒரு பகுதி இடிந்து சரிந்தது. மலையேறச் சென்ற 11 பேர் உயிரிழந்தனர். அப்பனிப்பாறை 2040ஆம் ஆண்டளவில் மறைந்துவிடக்கூடும் என்று 2024ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் எச்சரித்தனர். விழும் பனி போதாமையால், சறுக்குப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரங்களைக் கொண்டு பனி உண்டாக்குகின்றனர். குளிர்ந்த காற்றில் நீரை மிகுந்த அழுத்தத்துடன் தெளித்தால் அது உறைந்து வீழும். இதற்கென மலைமேல் நீர்த்தேக்கங்களை வெட்டியிருக்கின்றனர். மின்சாரமும் பெருமளவில் செலவாகிறது. ஆனால் எத்தனை இயந்திரங்கள் இருந்தென்ன? காற்றில் குளிர் இல்லையேல் அவை வாளா நிற்க வேண்டியதுதான். பனியை நம்பிப் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர்க்கு, பனியில்லாத எதிர்காலத்தில் அப்பிள்ளைகள் என் செய்வார்கள் என்னும் கவலை இன்று எழுந்துள்ளது. கம்பிவடங்களை இன்னும் பெருக்குவதா, இருப்பதோடு நின்றுவிடுவதா என்னும் விவாதம் அம்மலைநாட்டில் ஓயவில்லை. இந்த வெப்பம் அந்தப் பள்ளத்தாக்குகளில் மட்டும் பிறந்ததன்று. உலகெங்கும் எரியும் எரிபொருளால் விளைவது. ஆதலின் அவர்களுடைய கவலையில் நமக்கும் பங்குண்டு.

செல்லா சுற்றுக்குச் செல்வோர்க்கு அங்கே ஓர் அறிவுரை வழங்கப்படுகிறது. காலை 10 மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். கடைசிக் கணவாயைப் பிற்பகல் 3.30 மணிக்குள் கடந்துவிட வேண்டும். மாலையில் கம்பிவடங்கள் நின்றுவிடும். அழகில் மயங்கி, "இன்னும் ஒருமுறை" என்று ஏறி இறங்கிக் காலத்தைக் கழித்தவர், இருள் சூழும் வேளையில் வேறொரு பள்ளத்தாக்கில் நின்று, வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் வாடகைக் காரைத் தேட வேண்டியதுதான். தேர்ந்த சறுக்காளர்க்கும் இவ்விதியில் விலக்கில்லை.

அம்மலைநாட்டார் தம் விருந்தினர்க்குக் கூறும் இவ்வறிவுரையை இன்று தமக்கே கூறிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறார்கள், நாமும் அவ்வாறே. கடக்க வேண்டிய கணவாய் இன்னும் திறந்திருக்கிறது. பகலும் சிறிது மீதியிருக்கிறது. தம் பிள்ளைகள் தங்கி வாழ ஓர் ஊர் வேண்டுமென விரும்பும் எந்தப் பெற்றோரும், பொழுது சாயும்வரை காத்திருத்தல் தகாது.