வவ்வாலுக்குச் சம்பள பாக்கி

கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் போதும், மலைக்கு இந்தப் பக்கம் போடியில் நம்ம ஆட்கள் கிளம்பி விடுவார்கள். "முதல்ல அந்த வவ்வால் மரத்தை வெட்டுங்கப்பா!" 2018-ல் கோழிக்கோடு பக்கம் 17 பேர் செத்தபோது ஆரம்பித்த பாட்டு இது. பயம் நியாயம்தான், மறுக்கவில்லை. வைத்தியம்தான் சுத்த அபத்தம்.

நிபா வைரஸைச் சுமப்பது பெரிய பழந்தின்னி வவ்வால். ராத்திரி தெருவிளக்கைச் சுற்றும் குட்டி வவ்வால் வேறு இனம், அதற்குப் பூச்சிதான் சாப்பாடு. நம்மாளுக்கு எல்லாம் ஒன்றுதான். சரி, பழந்தின்னியின் மரத்தையாவது வெட்டலாமா? நிபாவின் பங்காளி வைரஸ் ஹெண்ட்ரா ஆஸ்திரேலியாவில் உண்டு. 25 வருடக் கணக்கை வைத்து 2022-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. காடு அழிந்து பூ கிடைக்காமல் போனபோதுதான் வவ்வால்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கி, குதிரைகளுக்கு நோய் தாவியிருக்கிறது. வெட்டுங்கள், நன்றாக வெட்டுங்கள்!

விஷயம் இதோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயால் ஃபிராங்க் ஒரு ஆய்வு வெளியிட்டார். மனிதர் பொருளாதாரக்காரர், நம்ம காமர்ஸ் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவில் 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் பூச்சி தின்னும் வவ்வால்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அந்த மாவட்டங்களில் விவசாயிகள் அடித்த பூச்சிமருந்து சுமார் 31% கூடியது. கூடவே சிசு மரணமும் சுமார் 8% கூடியது, விபத்து, கொலையெல்லாம் தள்ளிவிட்டு. 2017 வரைக்கும் 1,300-க்கு மேல் கூடுதல் சாவு. வவ்வால் சும்மா செய்து கொடுத்த வேலைக்குக் கூலியைக் குழந்தைகள் கட்டியிருக்கிறார்கள்.

"அது அமெரிக்காப்பா" என்பவர்கள் நம்ம ஏலத்தோட்டத்துக்கு வாருங்கள். தண்டையும் காயையும் துளைக்கும் புழு இருக்கிறதே, அதன் தாய் ராத்திரி பறக்கும் அந்துப்பூச்சி. நைட் ஷிப்ட்டில் பூச்சி பிடிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற வவ்வாலை வைத்துக்கொண்டே இப்போது அடிக்கிற மருந்து கொஞ்சமா? 2023 ஜனவரியில் ஏலக்காயில் மருந்து எச்சம் அளவுக்கு மேல் என்று கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணை விற்பனையையே நிறுத்தியது (2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது, அது வேறு கதை). பிரசாதம் என்றதும் நாடே பதறியது. விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி, மருந்தடித்த செடிக்குள் குனிந்து காய் எடுக்கும் அக்காக்களின் ரத்தத்தில் எவ்வளவு எச்சம்? அதற்கு லேப் ரிப்போர்ட் கேட்டது யார்? ஏல மையத்தில் கிலோவுக்கு விலை சொல்கிறார்களே, அதில் இந்தச் செலவு எந்தக் காலத்தில் வருகிறது? காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் ஒரு செலவை விட்டால் எங்களுக்கு மார்க் போய்விடும்.

இத்தனைக்கும் நம்ம மாவட்டத்துக்கே ஒரு வவ்வால் உண்டு. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்தது. ஏதோ சாதா வவ்வால் என்று எடுத்து வைத்ததை 1972-ல் கிட்டி தோங்லோங்யா பரிசோதித்து, உலகத்துக்கே புதுசு என்று சலீம் அலி பெயரை வைத்தார். அதே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வவ்வாலை காக்கா, எலியோடு சேர்த்துத் தீங்குயிரி என்று பட்டியல் போட்டது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. போடித் தெருக்களுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.