முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மெயில் அனுப்பவும் படம் பார்க்கவும் கற்றுத்தர வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். பிரவுசரின் மேலே இருக்கும் இணைய முகவரியை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. போலி வங்கித் தளங்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

'பூட்டுப் படம் இருந்தால் போதும், பயமில்லை' என்ற பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். இணைப்பில் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். திருடனும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிப் பூட்டு மாட்டிக்கொள்ளலாம். குரோம் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

நம் நாட்டு வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் 'முடியும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பாருங்கள்:

எச்டிடிபிஎஸ்://நம்வங்கி.பேங்க்.இன்.எக்ஸாம்பிள்.காம்/லாகின்

வங்கியின் பெயரும் இருக்கிறது, பேங்க்.இன் என்பதும் இருக்கிறது. ஆனாலும் இது வங்கியின் தளம் அல்ல. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். காம், அதற்கு முன் எக்ஸாம்பிள். இந்தத் தளத்தின் சொந்தக்காரர் அவர்தான். அதற்கும் முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. நடுவில் @ குறி வந்தால் இன்னும் மோசம். அதற்கு முன் உள்ளது தளத்தின் பெயரே அல்ல, பயனர் பெயர். இந்த ஏமாற்று வேலை பெருகியதால்தான் 2004 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அந்த வசதியை நீக்கியது.

புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகவரிக்குள் 'பேங்க்.இன்' இருக்கிறதா என்று தேடி, இருந்தால் நல்ல தளம் என்று முடிவு செய்யும் புரோகிராம் மேலே உள்ள முகவரியிடம் தோற்றுவிடும். சரி, கடைசியில் இருக்கிறதா என்று பார்த்தால்? 'போலிபேங்க்.இன்' என்பதும் அப்படித்தானே முடிகிறது! பேங்க் என்பதற்கு முன்னால் உள்ள புள்ளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதையும் முழு முகவரியில் அல்ல, தளத்தின் பெயரை மட்டும் தனியே பிரித்த பிறகு பார்க்க வேண்டும். பிரிக்கும் வேலையை நீங்களே வெட்டி ஒட்டிச் செய்யாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் என்ற ஆப்ஜெக்டும் பைத்தானில் யூஆர்எல்பார்ஸ் என்ற ஃபங்ஷனும் தயாராக இருக்கின்றன. இரண்டிலும் ஹோஸ்ட்நேம் என்று கேட்டால் தளத்தின் பெயர் தனியே வரும்.

இன்னொன்று. விக்கிப்பீடியாவில் ஒரு தமிழ்க் கட்டுரையின் முகவரியை காப்பி செய்து நண்பருக்கு அனுப்பினால் % குறிகளாக வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், வைரஸ் அல்ல. 'அ' என்ற ஓர் எழுத்து மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாகிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மட்டும் 45 எழுத்துகள்!

முகவரி சாதாரண மக்களுக்குப் புரியாது, மறைத்துவிடலாம் என்பது பிரவுசர் தயாரிப்பாளர்கள் சிலரின் எண்ணம். 2020-ல் குரோம் தளத்தின் பெயரை மட்டும் காட்டிப் பார்த்தது, 2021-ல் கைவிட்டது. கண் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குத் தளத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதுமே! மீதியை ஏன் ஒளிக்க வேண்டும்? மறைத்ததை எவரும் படிக்கப் பழக முடியாது. கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பவர்கள் முகவரிப் பட்டியில் ரைட் கிளிக் செய்து, முழு முகவரியையும் எப்போதும் காட்டும்படி சொல்லும் வரியை இன்றே டிக் செய்துவிடுங்கள்.