சோதனை சரி, தகவல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானங்களுக்கு வரும் வெடிகுண்டு மிரட்டல்கள் பற்றிய உங்கள் கட்டுரையை முழுமனதாக ஏற்கிறேன். 2024 அக்டோபரில் இந்திய விமானங்களுக்கு நூற்றுக்கணக்கான மிரட்டல்கள் வந்தன, அத்தனையும் புரளி. அந்த மாதம்தான் டெல்லியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினேன். ஏறி உட்கார்ந்த எங்களை இறக்கி, கைப்பைகளை மறுபடி சோதித்தார்கள். அதில் குறையில்லை, எங்கள் உயிருக்காகத்தானே! ஆனால் மூன்று மணி நேரம் காரணம் சொல்ல ஒருவரும் வரவில்லை. முதன்முறையாக விமானம் ஏறிய ஒரு பாட்டிக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என் கையை அவர் விடவே இல்லை. இதுபோன்ற நேரங்களில் அரைமணிக்கு ஒருமுறை நிலவரத்தைச் சொல்ல வேண்டும். தமிழகம் வரும் விமானங்களில் தமிழிலும் சொல்ல வேண்டும். விமானப் போக்குவரத்துத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி