கூடைப்பந்தும் கீழ்ப்படிகளும்

பந்து தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் மகளிர் பந்தாடிய செய்தி பயின்று வருகின்றது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் பந்தாட்டத்திற்கென்றே கந்துகவரி என்னும் பகுதி அமைந்துள்ளது. ஆயின் கூடைப்பந்து கடல் கடந்து வந்த ஆட்டம். 1891 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அதனை வகுத்தார். 1920 இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியற் கல்லூரி இத்தகைய ஆட்டங்கள் தென்னாட்டில் வேரூன்றத் துணைநின்றது. 1950 இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது. 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் ஆடவர் அணி ஆடியது. அதன்பின் இற்றைநாள் வரை அவ்வாய்ப்பு நமக்கு வாய்க்கவில்லை. சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பதாம் அகவையிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்றார். 2021 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். திறமை இம்மண்ணில் இல்லாமல் இல்லை. பின் எதில் குறை?

மேலே ஏறும் வழியில் கீழ்ப்படிகள் இல்லை என்பதே குறை என்று நாம் கருதுகிறோம். இதனை விளக்க ஸ்பெயின் நாட்டின் நிலையைச் சற்று நோக்குவோம்.

அந்நாட்டின் முதற்படி ஏ.சி.பி. என்னும் லீக் ஆகும். அதன்கீழ் இரண்டாம் படியாக 1996 இல் லெப் என்னும் தேசிய லீக் தொடங்கப்பெற்றது. பின்னர் அது தங்கம், வெள்ளி என இரு பிரிவுகளாக வளர்ந்தது. இவற்றின்கீழ் வட்டார அளவில் ஈபா என்னும் லீக் இயங்கியது. 2024 முதல் இம்மூன்றும் பிரிமேரா ஃபெப், செகுண்டா ஃபெப், தெர்செரா ஃபெப் என்னும் பெயர்களால் வழங்கப்படுகின்றன. மேற்படியில் கடைநிலை எய்தும் அணி கீழிறங்கும். கீழ்ப்படியில் முதன்மை பெறும் அணி மேலேறும். ஆகவே சிறு நகரத்துக் கழகத்திற்கும் ஆண்டு முழுதும் ஆட்டம் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பொருள் உண்டு. 2006, 2019 ஆகிய ஆண்டுகளில் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. அவ்வெற்றியின் கோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதன் அடித்தளத்தைக் கண்டோர் சிலரே.

2019 இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. பட்டத்தையும் உலகக் கோப்பையையும் ஒருங்கே வென்றவர் மார்க் கசோல். அவர் தாம் 2014 இல் தோற்றுவித்த ஜிரோனா கழகத்திற்காக இரண்டாம் படியில் இறங்கி ஆடினார். 2022 இல் அக்கழகம் முதற்படிக்கு உயர்ந்தது. கீழ்ப்படியில் ஆடுவது இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அங்கும் எல்லாம் செம்மையாக இருந்தது எனக் கூறுவதற்கில்லை. பூர்கோஸ் நகரத்து அணி ஒன்று 2013 தொடங்கி ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆடுகளத்தில் தகுதி பெற்றும், முதற்படியில் நுழையக் கேட்கப்பட்ட பெருந்தொகையாலும் பிற பொருளியல் விதிகளாலும் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. அந்நுழைவுக் கட்டணம் முறையற்றது எனக் கண்ட அந்நாட்டுப் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2017 இல் ஏ.சி.பி. அமைப்புக்கு 4 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அவ்வாண்டே அதே நகரின் புதிய கழகமான சான் பாப்லோ பூர்கோஸ் முதற்படிக்கு ஏறியது. 2020, 2021 என இருமுறை பன்னாட்டுக் கூட்டமைப்பின் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை அது வென்றது. 2022 இல் கீழிறங்கிற்று. 2025 இல் மீண்டும் மேலேறிற்று. பணம் அடைத்த வாயில் திறந்தபோது எத்துணை ஆற்றல் வெளிப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தேசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடுவன பெரும்பாலும் மாநில அணிகள். அவையும் ஆண்டிற்கொருமுறை சில நாள்களில் முடிவன. 2015 இல் யூ.பி.ஏ. என்னும் தொழில்முறைப் போட்டித்தொடர் தொடங்கிற்று. சென்னைக்கும் அதில் அணி இருந்தது. 2017 க்குப் பின் அது நடைபெறவில்லை. கூரையை முதலில் வேய்ந்துவிட்டுச் சுவரைப் பின்னர்த் தேடும் போக்கு இது. மறுபுறம், பெரியகுளம் போன்ற சிறிய ஊரில் வெள்ளி விழா விளையாட்டுக் கழகம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. வங்கிகள், படைத்துறை, இரயில்வே அணிகளெல்லாம் அங்கு வந்து ஆடும்; ஊரே திரண்டு காணும். போற்றத்தக்க பணி அது. எனினும் கோடையில் சில நாள் விழா ஓராண்டுப் பயிற்சிக்கு ஈடாகாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாக்-அவுட் முறையில் 16 அணிகள் மோதினால் 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். தோற்றவனுக்குத்தான் ஆட்டம் மிகுதியும் தேவை. அவனைத்தான் நாம் முதலில் அனுப்பிவிடுகிறோம். எட்டே அணிகள் லீக் முறையில் தம் ஊரிலும் பிற ஊரிலுமாக மோதினால் மொத்தம் 56 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். கடைநிலை அணியும் பதினான்கு முறை கற்கும்.

இம்முறை நம் பொன்னேரிப் பகுதி மக்களுக்கு அயலானதன்று. பழவேற்காடு ஏரியில் மீனவர் வழிவழியாகப் போற்றிவரும் பாடு முறையை அறியாதார் யார்? ஏரியின் மீன்பிடி இடங்களை ஊர்களும் தலைக்கட்டுகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. இன்று வளமான இடத்தில் வலையிட்டவர் நாளை வேறிடம் செல்வார். வலியவரே என்றும் நல்லிடத்தைக் கைக்கொள்ள இயலாது. எல்லார்க்கும் முறை உண்டு என்பதே அதன் உயிர்நாடி. லீக் முறையின் உயிர்நாடியும் அதுவே. எனினும் பாட்டில் இடம்பெறாதோரும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது. நாம் அமைக்கும் ஏணியில் அக்குறை நேர்தல் கூடாது. மகளிர்க்கும் தனி லீக் தொடக்கத்திலேயே வேண்டும். அனிதாவின் மண்ணில் இதற்கு வேறு காரணம் கூறவும் வேண்டுமோ?

நாம் வேண்டுவது பெரிதன்று. பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய நான்கும் ஒரே புறநகர் இரயில் பாதையில் உள்ளன. பழவேற்காடு, காட்டூர், சோழவரம், ஆரம்பாக்கம் ஆகியவற்றையும் சேர்த்தால் எட்டு ஊர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தைத் திங்களில் தொடங்கி, ஞாயிறுதோறும் மாலையில் அணிக்கு ஓர் ஆட்டம் என வைத்தால், பதினான்கே வாரங்களில் சித்திரைக்குள் நிறைவுறும். ஆடுகளத்திற்கு வேண்டுவன 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள நிலம், பத்தடி உயரத்தில் இரு வளையங்கள், ஒரு பந்து. முதல் அணி மாவட்ட லீக்கிற்கும், அங்கு வெல்வது மாநில லீக்கிற்கும், அதன்பின் தேசிய இரண்டாம் பிரிவிற்கும் ஏறும் உரிமை எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத லீக் மேல்மாடி இல்லாத படிக்கட்டே ஆகும்.

"முதலில் பிழைப்பு, பின்னரே விளையாட்டு" என்பார் உளர். அவர்தம் கவலை நியாயமானதே. ஆயின் இரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகின்றன. அவ்வேலைக்குத் தேர்வாளர் கேட்பது சான்றிதழையும் ஆடிய வரலாற்றையும் ஆகும். ஆட்டமே கிட்டாத குப்பத்து இளைஞன் எவ்வரலாற்றைக் காட்டுவான்?

"இந்நாட்டில் இது நடவாது" என்பாரும் உளர். அவர்கட்குக் கால்பந்து விடை கூறும். ஐ-லீக்கின் கீழ் இரண்டாம் பிரிவும், 2023 இல் மூன்றாம் பிரிவும் அமைக்கப்பெற்றன. 1891 இல், கூடைப்பந்து பிறந்த அதே ஆண்டில், கொல்கத்தாவில் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் தன் பழம்பெருமைக்குப் பின் இரண்டாம் பிரிவிற்குச் சரிந்தது. 2020 இல் அங்கிருந்து ஏறியது. 2024 இல் ஐ-லீக்கை வென்று இந்தியன் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. கீழே ஒரு படி இருந்தமையால்தான் அதற்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

ஊர்ப் பெரியோரும் கல்லூரி ஆட்சியாளரும் கோப்பைக்கும் பரிசளிப்பு விழாவிற்கும் வாரி வழங்கும் நல்லுள்ளம் படைத்தவர்கள். அத்தொகையில் ஒரு பகுதியை இரு வளையங்களுக்கும் நடுவர் ஊதியத்திற்கும் வெளியூர் செல்லும் அணியின் பயணச் செலவிற்கும் ஒதுக்குவார்களாயின், வரும் தைத் திங்களிலேயே பொன்னேரி லீக்கின் முதல் ஆட்டம் நடைபெறக் கூடும். மாணவச் செல்வங்கள் தத்தம் ஊரில் அணி ஒன்றை இன்றே திரட்டத் தொடங்குக.