யார் வேகத்தில் நடப்பது?

பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் தங்கை மகள் போன டிசம்பரில் வந்தபோது எனக்காக இரண்டு தடித்த புத்தகங்கள் கொண்டுவந்தாள். ‘ஆஃப்ரிக்கா ட்ரெக்’ என்று பெயர். எழுதியவர்கள் அலெக்சாந்த்ர் புஸ்ஸேன், சோனியா புஸ்ஸேன் என்ற பிரெஞ்சுத் தம்பதி. 2001 ஜனவரி முதல் தேதி தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கிளம்பியவர்கள், மூன்று வருடம் மூன்று மாதம் நடந்து இஸ்ரேலில் உள்ள திபேரியா ஏரிக்கரையில் போய் நின்றார்கள். மொத்தம் 14,000 கிலோமீட்டர். நடுவில் கிளிமஞ்சாரோ மலை, எத்தியோப்பிய மேட்டுநிலம், சூடான் பாலைவனம், எகிப்து, சினாய். வழியில் யார் கூப்பிட்டார்களோ அவர்கள் வீட்டில் தங்கி, போட்டதைச் சாப்பிட்டு நடந்த நடை அது.

முப்பத்தாறு வருடம் சர்க்கார் ஆபீஸில் கூட்டல் கழித்தல் போட்டவன் கை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர்கூட முழுசாக வரவில்லை. முதலியார்பேட்டையிலிருந்து கிளம்பினால் வில்லியனூர் கோயிலைத் தாண்டிச் சற்று தூரம், அவ்வளவுதான். இதே அலெக்சாந்த்ர், 1997ல் தன் நண்பர் சில்வேன் தெஸ்ஸோனோடு இமயமலையில் ஆறு மாதத்தில் 5,000 கிலோமீட்டர் நடந்தவர். அது நாளைக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நண்பனோடு 27, மனைவியோடு 12! இதைச் சொன்னதும் எங்கள் பெஞ்சு நண்பர் ஒருவர் கைதட்டிச் சிரித்தார். “பார்த்தீங்களா சார், பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா இதான்” என்றார்.

அவர் சிரித்ததற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சோனியா மெதுவாக நடந்ததால் கணக்கு குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் நின்று நின்று போனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்கியிருக்கிறார்கள் என்றால் நடந்த நேரத்தைவிட உட்கார்ந்து பேசிய நேரம் அதிகம் இருக்கும். எனக்குப் பெரிதாகப் பட்டது கிலோமீட்டர் கிடையாது. மூன்று வருடம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காலை முதல் இரவு வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கோபம் வந்தால் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போக ஆபீஸ் இல்லை. அப்படியும் ஊர் திரும்பி, பின்னால் 2014ல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் மடகாஸ்கர் சுற்றக் கிளம்பினார்கள் என்றால், வழியில் ஏதோ சரியாக நடந்திருக்கிறது.

நம் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். சாயங்காலம் வண்டிகளை அடைத்த பிறகு காந்தி சிலைப் பக்கம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் போதும். பெரியவர் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விரைப்பாக முன்னால் போகிறார். இருபது முப்பது அடி பின்னால் அம்மா, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அவருடைய ஸ்வெட்டர். அவர் முனைக்குப் போய்த் திரும்பி வரும்போது எதிரில் வருகிற தன் மனைவியைத் தெருவில் போகிற யாரோ மாதிரிக் கடந்து போகிறார். இரண்டு பேரும் வாக்கிங் போனதாக வீட்டில் கணக்கு. சிலர் அதுவும் இல்லை. “அவளுக்கு எதுக்கு சார் வாக்கிங், நாள் பூரா வீட்டுக்குள்ளேயே நடக்கிறாளே” என்பார்கள். ரோடியர் மில் சங்கு ஊதிய காலத்திலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கட்சி இதுதான். வயதான தம்பதி சேர்ந்து நடக்க வேண்டும், அதுவும் மெதுவாக நடப்பவர் வேகத்தில். மெதுவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டம்மாவாக இருப்பார். நாற்பது வருடம் தரையில் உட்கார்ந்து எழுந்து தேய்ந்த முட்டி அது.

வெள்ளைக்காரன் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாலை வழியில் நடப்பதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது, உடன்போக்கு என்று. பெற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் காதலனும் காதலியும் ஊரைவிட்டு வறண்ட வழியில் நடப்பார்கள். எதிரே வருகிறவர்கள் அவள் காலைப் பார்ப்பார்கள். சிலம்பு இன்னும் கழற்றப்படவில்லை, எனவே கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு ஐயோ பாவம் என்பார்கள். பின்னாலேயே வளர்த்த செவிலித்தாய் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டு ஓடிவருவாள். நம் ஊரில் மணல் பாலைவனம் கிடையாது. மழை பொய்த்து, மலையும் காடும் தங்கள் குணம் திரிந்து காய்ந்து போனால் அதுதான் பாலை என்று இளங்கோவடிகளே இலக்கணம் சொல்லியிருக்கிறார்.

இளங்கோவடிகளை நான் முதலில் படித்தது பிரெஞ்சில் என்றால் இளையவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது, எங்கள் வகுப்பில் ரஸீனும் கொர்னேயும்தான் பாடம். அலேன் தானியேலுவும் ஆர்.எஸ். தேசிகனும் சேர்ந்து மொழிபெயர்த்து 1961ல் கலிமார் போட்ட சிலப்பதிகாரத்தை ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். ‘மோதிரத்தின் கதை’ என்று பொருள் வருகிற மாதிரித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். கால் சிலம்பு பிரெஞ்சுக்காரர் கையில் மோதிரமாகிவிட்டது! ஓய்வு பெற்ற பிறகுதான் தமிழில், உரையோடு, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மாதவியை விட்டு வந்த கோவலன் விடிவதற்கு முன்னால் மனைவியைக் கூட்டிக்கொண்டு புகாரை விட்டுக் கிளம்புகிறான். மதுரை வரை முப்பது காதம். இன்றைய சாலைக் கணக்கில், காவிரிக்கரையோடு திருச்சி போய்த் தெற்கே திரும்பினால் சுமார் 280 கிலோமீட்டர். கொஞ்ச தூரத்திலேயே கண்ணகி கால் நொந்து, மதுரை எங்கே என்று கேட்கிறாள். அவன் முப்பது என்று சொல்லாமல் ஆறையும் ஐந்தையும் சேர்த்து, கேட்பவள் காதில் ஆறோ ஐந்தோ என்று விழுகிற மாதிரி சொல்லிச் சிரிக்கிறான். ‘இதோ பக்கம்தான்’ என்று நாம் சொல்வதில்லையா, அந்தப் பரம்பரை.

அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம். கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி அம்மையார் கூடச் சேர்ந்துகொள்கிறார். இந்தப் பெண்ணின் கால் கரடுமுரடான வழியைத் தாங்காது என்று அவர்தான் கோவலனிடம் சொல்கிறார். அதன்பிறகு மூன்று பேரும் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் போவதில்லை. நடப்பது ஒரு நாள் என்றால் தங்குவது பல நாள். பாண்டி நாட்டுப் பக்கம் வெயில் பொறுக்கமுடியாமல் போனதும் பகலில் இளைப்பாறி நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். அலெக்சாந்த்ரும் சோனியாவும் போன மாதிரியேதான். அந்த நடை முழுவதும் கண்ணகியின் வேகம்.

ஆனால் பேச்சு? அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. அத்தனை நாள் கூடவே நடந்தும் அந்த இரண்டு பேருக்குள் நடந்த பேச்சென்று பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். மதுரை போய்ச் சேர்ந்து, மாதரி வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் போட்ட பிறகுதான் கோவலன் வாயைத் திறக்கிறான். நான் செய்தது சரியில்லை, எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். கண்ணகியும் அப்போதுதான் சொல்கிறாள். உங்கள் அம்மாவும் அப்பாவும் வந்து பார்க்கும்போது நான் பொய்யாகச் சிரித்தேன், அதைப் பார்த்து அவர்கள் மனம் நொந்தார்கள், நீங்கள் நல்லவர்கள் ஒதுக்குகிற வழியில் போனீர்கள் என்று. மரியாதையாகத்தான் சொல்கிறாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அதைக் கேட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். திரும்பி வரவில்லை. மலைக்கு அவள் தனியாகத்தான் நடந்தாள், வைகைக் கரையோடு, பகல் இரவு பார்க்காமல். சித்திரைப் பௌர்ணமிக்குத் தேனிப் பக்கம் மங்கலதேவி கோயிலுக்கு ஏறுகிறவர்கள் அவள் நின்ற மலை அதுதான் என்று நம்புகிறார்கள்.

முப்பது காதத்தில் ஒரு காதத்திலாவது அந்தப் பேச்சை முடித்திருக்கக்கூடாதா? கவுந்தியடிகள் கூட இருந்ததால் கூச்சப்பட்டார்களோ என்னவோ. மாமியார் கூட வரும் தேனிலவு மாதிரி!

இதற்கு நேர்மாறாக ஒரு ஜோடி. அலெக்சாந்த்ரா தவீத்-நேல் அம்மையார் 1911ல் நம் ஊருக்கு வந்து அரவிந்தரைப் பார்த்துவிட்டுப் போனவர். ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று வட ஆப்பிரிக்காவில் இருந்த கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், பதினாலு வருடம் கழித்துத்தான் ஐரோப்பா திரும்பினார். 1924ல் பிச்சைக்காரி வேஷத்தில், வளர்ப்பு மகனோடு, பனிமலை தாண்டி நடந்தே லாசாவுக்குள் நுழைந்தார். கணவர் பிலிப் நேல் அவரோடு ஒரு அடிகூட நடக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. படித்தால் மனசில் இருந்ததெல்லாம் எழுதியிருப்பது தெரியும். சேர்ந்து நடந்தும் பேசாதவர்கள் அங்கே, ஆயிரம் காதம் தள்ளி இருந்தும் பேசியவர்கள் இங்கே. எனக்கு இரண்டாவது ஜோடியைத்தான் பிடிக்கிறது. ஆனால் நம் வயதில் லாசா போகமுடியாது, கடிதம் எழுதவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆகவே நடந்துகொண்டே பேசுவதுதான் நமக்கு வழி.

நாற்காலியில் உட்கார்ந்து பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று சொல்கிறேன்.

ஏழெட்டு வருடம் முன்பு நானும் என் மனைவியும் திருவண்ணாமலை கிரிவலம் போனோம். 14 கிலோமீட்டர். மற்றவர்கள் மூன்றரை நாலு மணி நேரத்தில் முடிப்பதை நாங்கள் ஏழு மணி நேரம் சுற்றினோம். ஒவ்வொரு லிங்கத்திலும் அவள் உட்காருவாள். நிருதி லிங்கம் தாண்டியதும் கூட்டம் குறைந்து, வலது பக்கம் மலை மட்டும் கறுப்பாக நின்றது. வருண லிங்கத்துக்குச் சற்று முன்னால், கீழே பார்த்து நடந்துகொண்டே சொன்னாள்:

“எழுபத்தொம்பதுல எனக்குக் காரைக்கால்ல டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சுங்க.”

எனக்கு அப்போது மாஹேயில் உத்தியோகம். பதினைந்து நாளுக்கு ஒரு தபால் வீட்டுக்குப் போடுவேன். “எனக்கு ஏன் எழுதலை?” என்றேன்.

“எழுதலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மாமா வேண்டாம்னுட்டாங்க. பெரியவங்க சொன்னப்புறம் என்னத்த எழுதுறது.”

அந்த உத்தரவை அவள் கிழித்துப் போடவில்லை. தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே பிறகு படித்துப் பார்த்தேன். நூறு ஆர்டரை டைப் செய்தவன் நான். தேதி, எண், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. சேர வேண்டிய கெடு முப்பது நாள்.

எங்கள் கூடத்தில் நாற்பது வருடம் வராத பேச்சு அந்த ரோட்டில் எப்படி வந்தது என்று யோசித்தேன். எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்கவேண்டும், பார்த்தால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். பக்கத்தில் நடக்கும்போது இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்க்கிறோம். டிவி கிடையாது, பால்காரன் மணி அடிப்பதில்லை, மருமகள் காதில் விழுமோ என்ற பயம் இல்லை. இன்னும் பாதி தூரம் இருக்கிறது, எழுந்து போய்விடவும் முடியாது. ஆனால் நான் இருபது அடி முன்னால் போயிருந்தால் அந்த வாக்கியம் வருண லிங்கத்துக்குத்தான் கேட்டிருக்கும்.

பெஞ்சு நண்பர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். “எனக்குச் சர்க்கரை இருக்கு சார், டாக்டர் வேகமா நடக்கச் சொல்லியிருக்கார். அவளோட ஊர்ந்துகிட்டுப் போனா மாத்திரை கூடிடும்.” நியாயம்தான், மறுக்கவில்லை. காலையில் அரை மணி நேரம் மருந்து நடை தனியாக நடக்கட்டும். தாவரவியல் பூங்கா இருக்கிறது, கடலூர் சாலை இருக்கிறது. சாயங்கால நடை வேறு. அதற்குக் கைக்கடிகாரம் வேண்டாம், அடி எண்ணுகிற செல்போனும் வேண்டாம். ஸ்வெட்டரை அவரே தூக்கிக்கொள்ளட்டும்.

மனைவியை இழந்தவர்களும் கணவரை இழந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், வந்தால் உங்கள் வேகத்திலேயே நடக்கலாம்.

அமெரிக்காவில் மெக்ஸிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லை வரை, மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தையும் சியரா நெவாடா மலைகளையும் கடந்து 4,265 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறதாம். ஐந்து மாதம் பிடிக்கும். தங்கை மகளும் அவள் வீட்டுக்காரரும் அதில் ஒரு துண்டாவது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். “மாமா, நீங்களும் மாமியும் வாங்களேன்” என்று வேடிக்கைக்குச் சொன்னாள்.

எங்கள் திட்டம் அவ்வளவு பெரிது இல்லை. பொங்கல் கழித்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், பூம்புகாரிலிருந்து காவிரியின் வடகரைப் பக்கமாக மாயவரம் வரை. மூன்று நாள் என்று நான் சொன்னேன், என் மனைவி ஐந்து நாள் என்றாள், ஐந்து நாள் என்று முடிவாயிற்று. முட்டிக்குப் பட்டை வாங்கியாயிற்று. அவள் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறாள். டீக்கடை வந்த இடத்தில் எல்லாம் உட்காரவேண்டும். வழியில் சிலப்பதிகாரத்தை எடுத்துப் படித்துக் காட்டக்கூடாது.